பொத்துவில் கரைக்கு ஒரு பயணம்: அறுகம்பை முதல் உகந்தை, குமண வரை

பொத்துவில் என்ற பெயரை வடக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கும் பலர் ஒரு பேரணியின் பெயராகவே அறிவார்கள். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி அங்கே தொடங்கிய நடை, 7ஆம் திகதி வடமராட்சியின் பொலிகண்டியில் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் பறிக்கப்பட்ட காணிகளுக்கும் நீதி கேட்டுத் தமிழர்கள் நடந்தார்கள். கொரோனாவில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை எரிக்காதே என்று கேட்டு முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். அன்று ஊடகங்களில் அந்தப் பெயரைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த ஊருக்குப் போயிருப்பார்கள்?

வெளிநாட்டவர்கள் போகிறார்கள். பொத்துவிலுக்குத் தெற்கே 3 கிலோமீற்றரில் இருக்கும் அறுகம்பை, உலகின் அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் கரைகளில் ஒன்று. ஆனால் நம்மவர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டி என்று ஒன்று எளிதில் கிடைப்பதில்லை. எப்படிப் போவது, எப்போது போவது, எதைப் பார்ப்பது என்பதோடு, அந்தக் கரை யாருடைய கரை, அங்கே எந்தக் காணியில் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போக விரும்புபவர்களுக்காக இந்தக் கட்டுரை.

எங்கே இருக்கிறது?

பொத்துவில் அம்பாறை மாவட்டத்தின் தெற்குக் கரையோரத்தில் இருக்கிறது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்தது. நகரில் பெரும்பான்மையானவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள். நகருக்குள்ளும் வடக்கே ஊறணி, கோமாரிப் பக்கங்களிலும் தமிழர்கள் வாழ்கிறார்கள். தெற்கே பாணமையில் சிங்களவர்கள் அதிகம். ஆனால் அங்கே பல குடும்பங்களில் தமிழ்க் கலப்பு உண்டு. இரண்டு மொழியும் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

அறுகம்பை என்று வெளியார் சொல்லும் இடத்தை ஊரார் உல்லை என்றும் சொல்வார்கள். பொத்துவில் நகருக்கும் உல்லைக்கும் நடுவே அறுகம் களப்பு இருக்கிறது. அதைக் கடக்கும் பாலம்தான் இரண்டையும் இணைக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் பழைய பாலம் சிதைந்தது. அமெரிக்க உதவியில் கட்டப்பட்ட புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. நாட்டிலேயே ஆழிப்பேரலை அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தக் கரையில் கடலோரக் குடும்பங்களில் அந்த இழப்பு தொடாத வீடு குறைவு. விடுதிக்காரரிடமோ ஓட்டோக்காரரிடமோ கடலைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கும்போது அதை மனதில் வைத்திருங்கள்.

எப்போது போவது?

தெற்கு, மேற்குக் கரைகளின் சுற்றுலாக் காலத்துக்கு நேர் எதிரானது இந்தக் கரையின் காலம். ஏப்ரல் கடைசி முதல் ஒக்டோபர் தொடக்கம் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டைத் தாண்டி வரும்போது இங்கே மழை இல்லை. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலைகள் ஒழுங்காக எழுகின்றன. அலைச்சறுக்குக்காரர்களின் காலம் இதுதான். யூலை, ஓகஸ்டில் கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், பல விடுதிகள் மூடியிருக்கும், தாழ்ந்த இடங்களில் வெள்ளம் நிற்கும். குடும்பத்தோடு போக விரும்புபவர்களுக்கு மழை ஓய்ந்த மாசி, பங்குனி நல்ல காலம். கூட்டம் இராது. சித்திரை விடுமுறையும் ஏற்றதுதான், ஆனால் முன்கூட்டியே அறை பதிவு செய்ய வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்கள் தனியானவை. கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் பொத்துவில் வழியாக உகந்தைக்குப் போவார்கள். அந்நாட்களில் வீதியோரம் எங்கும் காவி உடையும் அரோகரா ஒலியும் இருக்கும்.

எப்படிப் போவது?

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை போகும் ஏ4 நெடுஞ்சாலையில் பொத்துவில் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கடைசிப் பகுதியில் அந்த வீதியில்தான் ஏற வேண்டும்.

யாழ்ப்பாணம், வன்னியிலிருந்து: தூரம் 400 கிலோமீற்றருக்கும் அதிகம். ஒரே நாளில் போகலாம், ஆனால் களைப்பு மிகும். வவுனியா, ஹபரண, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக மட்டக்களப்புக்கு வந்து ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் தெற்கே புறப்படுவது நல்லது. திருகோணமலை பார்த்து வருவதானால் மூதூர், வெருகல், வாகரை வழியாக ஏ15 வீதி இருக்கிறது. ஒரு காலத்தில் படகுப் பாதைகளில் காத்துக் கிடந்த வழி அது. 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் மற்றப் பாலங்களும் வந்த பிறகு தடையின்றி ஓடலாம். பஸ்ஸில் வருபவர்கள் மட்டக்களப்பு, கல்முனை அல்லது அக்கரைப்பற்றில் மாறி ஏற வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து: சுமார் 108 கிலோமீற்றர். சொந்த வாகனத்தில் இரண்டரை மணி நேரம், பஸ்ஸில் இன்னும் கூடும். இந்த வழியே ஒரு பயணம்தான். கல்லடிப் பாலம், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒரு தமிழூர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். அக்கரைப்பற்றுக்குப் பின் தம்பிலுவில், திருக்கோவில். அங்கே கடலோரத்தில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். அதற்கப்பால் வீடுகள் குறைந்து பற்றைக்காடும் களப்பும் தொடங்கும். சங்கமன்கண்டியில் இலங்கையின் கிழக்குக் கோடி முனை இருக்கிறது. கோமாரியைத் தாண்டினால் பொத்துவில். அக்கரைப்பற்றிலிருந்து இந்தப் பகுதி சுமார் 44 கிலோமீற்றர்.

கொழும்பிலிருந்து: ஏ4 வழியாக இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ ஊடாக சுமார் 320 கிலோமீற்றர். இரவு பஸ்கள் உண்டு. கட்டுநாயக்காவில் இறங்கி வாகனம் பிடிக்கும் புலம்பெயர் உறவுகள், அதிவேகப் பாதையில் தெற்கே போய் வெல்லவாய வழியாக வந்தால் ஆறேழு மணி நேரத்தில் சேரலாம். புகையிரதத்தை விரும்பினால் கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து பஸ் எடுக்கலாம்.

மலையகத்திலிருந்து: பதுளை, பசறை, மொனராகலை வழியே வரலாம். மொனராகலையிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர். ஊவாவின் தோட்டங்களில் வாழும் உறவுகளுக்கு மிக அருகில் இருக்கும் கிழக்குக் கடல் இதுதான்.

ஒரு எச்சரிக்கை: சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் நடுவே லாகுகல காடு. யானைகள் வீதியைக் கடக்கும். இரவில் அந்த வழியே சொந்த வாகனம் ஓட்டாமல் இருப்பது நல்லது.

என்ன பார்க்கலாம்?

அறுகம்பைக் குடா: பிறை வடிவில் வளைந்த கரை. தெற்கு மூலையில் மீனவர்களின் படகுகள் நிற்கும். காலையில் மீன் ஏலம் பார்க்கலாம். அலைச்சறுக்குப் பழகாதவர்களும் சிறுவர்களும் குளிக்க அந்த மூலைதான் ஓரளவு அமைதியானது. முனைப் பக்கம் பாறைகளும் இழுவையும் உண்டு. நீந்தத் தெரிந்தாலும் ஊராரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். பலகை வாடகைக்கும் பயிற்சிக்கும் ஊர் இளைஞர்களே இருக்கிறார்கள். 2018இல் இங்கே தொடங்கிய பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் இலங்கையில் அந்த வகையில் முதலாவது. மூன்று சமூகத்துப் பெண்களும் ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொண்டு கடலில் இறங்கினார்கள்.

பொத்துவில் களப்பு: நகருக்கு வடக்கே, கண்டல் காடுகள் சூழ்ந்த நீர்ப்பரப்பு. உள்ளூர் மீனவர்கள் தோணியில் இரண்டு மணி நேரம் அளவுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். காலையும் மாலையும் நல்ல நேரம். நீர்ப் பறவைகள், முதலைகள், சில வேளை கரையில் யானை தெரியும். இயந்திரம் இல்லாத தோணி, சத்தம் இல்லை. அந்தப் பணம் நேரே மீனவர் வீட்டுக்குப் போகிறது. ஒரு நாளே இருப்பவர்கள் கடலுக்கு முன் இதைத் தேர்ந்தால்கூடத் தவறில்லை.

மணல் மேடுகளும் முகுது மகா விகாரையும்: பொத்துவில் நகருக்கு அருகே கடலோர மணல் மேடுகளுக்கு நடுவே பழைய பௌத்த விகாரையின் கற்றூண்களும் சிலைகளும் இருக்கின்றன. களனியிலிருந்து கடலில் விடப்பட்ட விகாரமகாதேவி கரை சேர்ந்த இடம் என்பது ஐதீகம். வழிபாட்டு இடத்துக்குரிய மரியாதையோடு பார்க்கலாம்.

லாகுகல: பொத்துவிலிலிருந்து மேற்கே சுமார் 16 கிலோமீற்றர். 1980இல் தேசியப் பூங்காவானது. நாட்டின் சிறிய பூங்காக்களில் ஒன்று. கோடையில் குளத்து நீர் வற்றும்போது புல் மேய யானைக் கூட்டங்கள் வரும். யூலை, ஓகஸ்ட் மாலை நேரங்களில் வீதியோரத்திலிருந்தே பார்க்கக் கிடைப்பதுண்டு.

பாணமை: அறுகம்பையிலிருந்து தெற்கே 12 கிலோமீற்றர். போகும் வழியில் யானைப் பாறை, முதலைப் பாறை என்று வெளியார் பெயரிட்ட கரைகள். பாணமையின் பத்தினி தேவாலயத்தில் ஆண்டுதோறும் கொம்பு இழுக்கும் விளையாட்டு நடக்கும். தம்பிலுவில், காரைதீவுக் கண்ணகி அம்மன் கோயில்களின் சடங்கைத் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சிங்களவர் பத்தினி என்பதும் நாம் கண்ணகி என்பதும் ஒரே தெய்வம். மட்டக்களப்புத் தமிழரின் கொம்புமுறியும் இதே விளையாட்டுத்தான்.

குடும்பிகல: பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் காட்டுக்குள் இருக்கும் பாறைத் தொகுதி. பழங்காலத் துறவிகளின் குகைகளும் பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. பாறை உச்சியில் ஏறினால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல்.

உகந்தை: பாணமையிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர். உகந்தைமலை முருகன் ஆலயம் கடலோரப் பாறைகளின் நடுவே இருக்கிறது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை இங்கே வந்து தங்கி, குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமம் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, அறிவிக்கப்படும் சில நாட்களுக்கு மட்டுமே காட்டுப் பாதை திறக்கப்படும். நாள் அம்பாறை மாவட்டச் செயலகத்தில் கூடித் தீர்மானிக்கப்படும். காட்டில் நடக்க ஐந்து நாள் அளவாகும். தண்ணீரும் உலருணவும் சுமந்து, குழுவாகவே போக வேண்டும். மற்ற நாட்களில் உகந்தை வரை வாகனத்தில் போய்க் கும்பிட்டுத் திரும்பலாம். மழைக்குப் பின் பாணமைக்கு அப்பாலான பாதை சிறிய வாகனங்களுக்குக் கடினம்.

குமண: உகந்தையில்தான் குமண தேசியப் பூங்காவின் வாசல். முன்பு யால கிழக்கு என்று பெயர். போரால் 1985இல் மூடப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2006இல் பெயர் மாறியது. 200க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. குமண வில்லுவில் ஏப்ரல் முதல் யூலை வரை நீர்ப்பறவைகள் கூடு கட்டும். ஜீப்பை அறுகம்பையிலோ பாணமையிலோ பேசிக்கொள்ளலாம். உள்ளூர்க் கட்டணம் பெற அடையாள அட்டை வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு.

தெரிந்துகொண்டு போக வேண்டியவை

சுற்றுலாப் பிரசுரங்களில் இந்தப் பகுதி வராது. ஆனால் இந்தக் கரையின் பெரிய வழக்கு காணி வழக்குத்தான். அது ஒரு சமூகத்தின் வழக்கு மட்டும் அல்ல.

ஊறணிக்கு அருகே 60ஆம் கட்டைப் பகுதியில் கனகர் கிராமம் என்ற தமிழ்க் கிராமம் இருந்தது. 1990இல் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்து திரும்பியபோது தங்கள் காணி வனவளத் திணைக்களத்தின் பிடியில் இருப்பதைக் கண்டார்கள். 2018 ஓகஸ்டில் அவர்கள் வீதியோரத்தில் கொட்டில் போட்டுத் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். வடக்கேயிருந்து பஸ்ஸில் வருபவர்கள் கடந்து போவது அந்த இடத்தைத்தான்.

முகுது மகா விகாரையைச் சுற்றி வாழும் முஸ்லிம் குடும்பங்கள், தொல்பொருள் நிலம் என்ற பெயரில் வீடுகளை இழப்போமா என்ற அச்சத்தோடு இருக்கிறார்கள். 2020 யூனில் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்த அச்சம் அப்போது இன்னும் கூடியது.

பாணமையில் 2010 யூலையில் ராகம்வெல, சாஸ்திரவெல பகுதிகளில் பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்கள் விரட்டப்பட்டன; குடிசைகள் எரிக்கப்பட்டன. பிறகு அந்தக் காணிகளில் படைமுகாம்கள் எழுந்தன. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு காகிதத்திலேயே கிடந்ததால் 2016 மார்ச்சில் மக்கள் தாங்களாகவே உள்ளே போய்க் குடிசை போட்டார்கள். பாணமைக் களப்போரத்தில் கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் இருக்கிறது.

ஆழிப்பேரலைக்குப் பின் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று கிழக்கில் தடை வந்தது. மீனவர் வாடிகளுக்கு ஒரு சட்டமும் விடுதிகளுக்கு இன்னொரு சட்டமும் இருந்ததாக உல்லை மக்கள் குற்றஞ்சாட்டினார்கள். கனடா எழுத்தாளர் நயோமி கிளெய்ன் 2007இல் வெளியான தம் நூலில் அறுகம்பையை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்து எழுதினார்.

உயிர்களின் கணக்கும் உண்டு. 2006 செப்டெம்பர் 17ஆம் திகதி, பொத்துவிலுக்கு அருகே இறத்தல்குளத்தில் வேலைக்குப் போன முஸ்லிம் தொழிலாளர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது. ஊராரில் பலர் விசேட அதிரடிப் படையைச் சந்தேகித்தார்கள். 1990இல் இந்தப் பகுதியிலிருந்து ஓடிய தமிழர்களின் வீடுகளிலும் இதுபோன்ற கணக்குகள் உண்டு. ஊரில் யாரிடமும் இவற்றைத் துருவிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024 ஒக்டோபர் 23ஆம் திகதி, அறுகம்பையில் தாக்குதல் நடக்கக்கூடும் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேலியப் பயணிகள் கூடும் இடம் என்பதால் இஸ்ரேல் தன் மக்களை வெளியேறச் சொன்னது. பொலிஸார் கைதுகள் செய்தார்கள், வீதித்தடைகள் வந்தன. நவம்பரில் அமெரிக்கா எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. அந்த வாரங்களில் அடிபட்டது ஓட்டோக்காரர், சமையற்காரர், படகுக்காரரின் வருமானம். வெளிநாட்டவரை மட்டும் நம்பியிருக்கும் ஊருக்கு ஒரு அறிவித்தல் போதும், காலம் கெட்டுவிடும். உள்ளூர்ப் பயணிகள் வருவது அவர்களுக்கு ஏன் தேவை என்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சில நடைமுறைகள்

பொத்துவில் நகரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. உல்லை விடுதிகளில் கிடைக்கும். குடா விடுதிகளில் வெளிநாட்டவர் எப்படி உடுத்தினாலும், நகருக்குள்ளும் மீனவர் குடியிருப்புகளிலும் ஊர் வழக்கப்படி உடுத்துங்கள். மது அருந்திக்கொண்டு ஊருக்குள் திரிய வேண்டாம்.

வங்கி, மருந்துக்கடை, எரிபொருள் எல்லாவற்றையும் பொத்துவிலிலேயே முடித்துக்கொண்டு தெற்கே புறப்படுங்கள். பாணமைக்கு அப்பால் கைப்பேசி இணைப்பை நம்ப முடியாது. மாலை இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், யானை வரும். களப்பிலும் ஆற்றிலும் குளிக்க வேண்டாம், முதலை உண்டு.

தங்குமிடம் தேடும்போது உரிமையாளர் உள்ளூர்க்காரரா என்று கேளுங்கள். ஊரார் நடத்தும் சிறு விடுதிகளும் அறை வாடகை வீடுகளும் நிறைய இருக்கின்றன. சோறு கறி, மீன், எருமைத் தயிர் எல்லாம் ஊர்க்கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

மூன்று நாள் இருந்தால்

முதல் நாள் மட்டக்களப்பிலிருந்து காலையில் புறப்பட்டு, காரைதீவிலும் திருக்கோவிலிலும் நின்று, மாலைக்குள் அறுகம்பை சேருங்கள். இரண்டாம் நாள் விடியலில் புறப்பட்டுக் குமண, உகந்தை, குடும்பிகல பார்த்து, பாணமையில் மதியச் சாப்பாடு. மாலை குடாவில் குளிப்பு. மூன்றாம் நாள் காலையில் பொத்துவில் களப்பில் தோணிப் பயணம். பிறகு வடக்கே திரும்பலாம்.

திரும்பும் வழியில் ஊறணி தாண்டும்போது வாகனத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கனகர் கிராமம் அந்தப் பக்கத்தில்தான். 2021இல் நடந்தவர்கள் கேட்டவற்றில் அந்தக் காணியும் ஒன்று.